தாத்தாவின் ரேசரை பாலிஷ் போடக் கொடுத்தேன்

பழைய சேஃப்டி ரேசர் வீட்டில் கிடந்தால், அதை எந்தப் பட்டறைக்கும் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் நீங்களே ஒருமுறை கழுவிப் பாருங்கள். 1,800 ரூபாயைத் தொலைத்து, தாத்தாவின் ரேசரையும் கெடுத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

தாத்தா பினாங்கில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய ஜில்லெட் டெக் அது. 1938-ல் வந்த மாடல். மூடி, அடித்தட்டு, கைப்பிடி, மூன்றே துண்டுதான். பித்தளை மேல் நிக்கல் முலாம். பரணில் தகர டப்பாவுக்குள் கிடந்ததை எடுத்தபோது, தட்டின் துளைகள் அடைத்துப்போய் வெள்ளையும் பழுப்புமாகப் பொருக்குத் தட்டியிருந்தது. கைப்பிடி இடுக்குகளில் கொஞ்சம் பச்சை.

குத்துவிளக்கு முதல் பைக் சைலன்ஸர் வரை முலாம் போடும் பட்டறை ஒன்றில் காட்டினேன். "சார், முழுக்கத் துரு ஏறிடுச்சு. பழசை உரிச்சுட்டுப் புதுசா பூசினாத்தான் ஆகும்" என்றார் பட்டறைக்காரர். பித்தளை எங்கேயாவது துருப்பிடிக்குமா? களிம்புதானே ஏறும்! அந்த நேரத்தில் அது எனக்கு உறைக்கவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன்.

பத்து நாள் கழித்து வந்தது கண்ணாடி மாதிரி மின்னியது. கையில் எடுத்ததும் வழுக்கியது. கைப்பிடியில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டியிருந்த சொரசொரப்பை பஃபிங் சக்கரத்தில் வைத்தே தேய்த்துவிட்டார்கள். திருகும் பாதியில் நின்றது, மரையெல்லாம் முலாம் அடைத்திருந்தது. முக்கி முறுக்கி பிளேடு போட்டு வெளிச்சத்தில் பிடித்தால், ஒரு பக்கம் விளிம்பு நூலளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, மறுபக்கம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. தட்டின் ஓரத்தை ஒரே சீராகத் தேய்க்கவில்லை. அதோடு ஷேவ் செய்து தாடையில் இரண்டு கீறல் வாங்கியது என் புத்திசாலித்தனம். மூன்றே வாரத்தில் புது முலாம் செதில் செதிலாக உரிந்தது. அடியில் எண்ணெய்ப் பசை போகாமல் பூசினால் அப்படித்தான் ஆகும். பணத்தைக் கேட்டதற்கு, "பழைய சாமானுக்கு கேரண்டி கிடையாது சார்" என்றார். கொடுக்கும்போது அதைச் சொல்லவில்லையே!

அப்புறம்தான் வயிற்றெரிச்சல். நண்பன் ஒருவன் அதே மாடலை, அதே பொருக்கோடு கொண்டுவந்தான். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு அரை மணி நேரம் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தோம். பொருக்கு முழுக்கக் கரைந்து போனது. அத்தனையும் காய்ந்த சோப்பும் உப்புத் தண்ணீர்ப் படிவும்தான்! துளைகளுக்குப் பல்குச்சி, கடைசியில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சு. செலவு என்று எதுவும் இல்லை.

பித்தளைதானே என்று புளி போட்டு விளக்கப் போகாதீர்கள். முலாம் விட்ட இடத்தில் புளிப்பு இறங்கினால் பித்தளை செம்பு நிறத்துக்கு மாறிவிடும். தங்க முலாம் போட்டதாக இருந்தால் பிராஸோ மாதிரி உலோக பாலிஷ் பக்கமே போக வேண்டாம், பூச்சு அவ்வளவு மெல்லியது, துணியோடு வந்துவிடும்.

என்னுடையது மறுபடி அதே தகர டப்பாவில் இருக்கிறது. அம்மா பார்த்துவிட்டு, "இது அப்பாவோடதா?" என்று கேட்டாள்.