குலசேகரம் - திற்பரப்பு சாலையில் ஒரு புட்டுக்கடை: எட்டு மணிக்குப் போங்க

கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரத்திலிருந்து திற்பரப்பு போகிற சாலையில், ரப்பர் ஷீட் வாங்கும் கடையை ஒட்டி, ஓடு வேய்ந்த சின்னக் கடை. பெயர்ப்பலகை கிடையாது. புட்டுக்கடை என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். காலை 6 மணிக்கு அடுப்பு பற்றும். மாவு தீர்ந்ததும், பெரும்பாலும் பத்தரைக்குள், மூடிவிடுவார்கள். குழாய்ப்புட்டு, சிறுபயறு, கடலைக்கறி, பப்படம், பழம், சாயா, அவ்வளவுதான். தோசை இல்லை. புட்டுக்கு மாட்டிறைச்சி வேண்டும் என்பவர்கள் சந்தைப் பக்கம்தான் போக வேண்டும்.

போக வேண்டிய நேரம் ஏழே முக்காலிலிருந்து எட்டரைக்குள். இந்தக் கடையின் கடிகாரம் ரப்பர் மரத்தில் இருக்கிறது. பால்வெட்டுகிறவர்கள் விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள். வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறையும், பால் வடிவது சீக்கிரம் நின்றுவிடும் என்பதால் அந்த அவசரம். வெட்டி முடித்தபின், பால் பிடிக்க மரத்தில் கட்டிய சிரட்டை நிறைய இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகும். அந்த இடைவெளிதான் அவர்களுக்குச் சாப்பாட்டு நேரம். எட்டு மணிக்கு அவர்கள் மொத்தமாக வந்து உட்காருவதால் அந்நேரம் புட்டு அவிக்கும் குழாய் ஓயாது. அடுப்பிலிருந்து நேராக இலைக்கு வரும். ஒன்பதரைக்கு மேல் போனால் பாத்திரத்தில் அடுக்கி மூடி வைத்த புட்டு கிடைக்கலாம். சூடு இருக்கும், பதம் இருக்காது.

புட்டின் பதம் முழுக்க மாவு நனைப்பதில்தான். பச்சரிசியை மூன்று நான்கு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ரவையைவிடக் கொஞ்சம் நைசாக இடித்து, நிறம் மாறாமல் வறுத்த மாவு. ஒரு கிலோவுக்குச் சுமார் முக்கால் லிட்டர் தண்ணீர் பிடிக்கும், சம்பா (சிவப்பரிசி) மாவானால் இன்னும் கொஞ்சம் கூடுதல். உப்பை மாவில் போடாமல் தண்ணீரில் கரைத்துத்தான் தெளிக்கிறார்கள். பலரும் தவறுகிற இடம் இதற்கு அடுத்தது. நனைத்தவுடன் அவித்தால் மாவின் வெளிப்புறம்தான் ஈரமாக இருக்கும், உள்ளே உலர்ந்த அரிசி. வாயில் நறநறவென்று கடிபடும். கால் மணி நேரம் மூடி வைத்து, மறுபடி தெளித்து, கட்டிகளை விரலால் உதிர்த்துவிட வேண்டும். கைப்பிடிக்குள் அமுக்கினால் பிடியாக நிற்கணும், விரலால் தட்டினால் உதிரணும். இங்கே மாவு நனைக்கிற அக்கா ஒரு நேரத்தில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நனைப்பதில்லை. மொத்தமாக நனைத்து வைத்தால் மேல்மாவு காய்ந்துபோகும், அடிமாவு கட்டியாகும். கடை நன்றாக இருப்பதற்கு இந்த ஒரு பழக்கம் போதும் என்பேன்.

குழாயில் முதலில் ஒரு பிடி தேங்காய்த் துருவல், பிறகு மாவு, நடுவில் தேங்காய், மறுபடி மாவு, மேலே தேங்காய். மாவை அமுக்கவே கூடாது. அமுக்கினால் ஆவி ஏற வழியிருக்காது, தள்ளும்போது உருட்டுக்கட்டை மாதிரி வந்து விழும். மேல்மூடித் துளை வழியாக ஆவி பீறிட்டு வந்தபின் இரண்டு மூன்று நிமிடம் போதும். குழாய்க்குக் கீழே இருக்கும் குடத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் வைத்தால் கொதிநீர் தெறித்து அடிப்புட்டு களியாகும். குழாயும் குடமும் சேரும் இடத்தில் ஆவி கசிந்தால் மேல்மாவு வெள்ளையாக, வேகாமல் நிற்கும். அதற்காகத்தான் குடத்தின் கழுத்தில் ஈரத்துணி சுற்றியிருக்கிறார்கள். துணி காயக் காய நனைத்துவிடுவதையும் பார்க்கலாம். வெள்ளைப் புட்டு நல்லது. சம்பாப் புட்டு அதைவிட நல்லது, ஆனால் இரண்டு மூன்று ஈடு மட்டும்தான், எட்டரைக்குத் தீர்ந்துவிடும்.

சிறுபயறை இவர்கள் குழைய விடுவதில்லை. தோல் வெடித்து, பருப்பு உருவம் மாறாமல் இருக்கும். வெந்தபிறகுதான் உப்பு. தேங்காய், சீரகம், பூண்டு, பச்சைமிளகாய், மஞ்சளை ஒன்றிரண்டாகச் சதைத்துப் போட்டு, தேங்காயெண்ணெயில் கடுகு, வற்றல்மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுகிறார்கள். கையால் பிசைந்தால் புட்டு உருண்டையாக வரும் அளவுக்கு ஈரம் இருக்கும். பயறு வறண்டால் புட்டு தொண்டையை அடைக்கும், விக்கியே சாக வேண்டியதுதான். கடலைக்கறி சுமார். மசாலா தூக்கல், கடலைக்குள் உப்பு இறங்குவதில்லை. வழக்கமாக வருகிறவர்கள் யாரும் அதை வாங்குவதைக் காண முடியாது என்பதே போதுமான சான்று.

பப்படம் தேங்காயெண்ணெயில் அவ்வப்போது பொரிப்பது. அதைப் புட்டின் மேல் வைத்து, உள்ளங்கையால் நொறுக்கி, பயறையும் பழத்தையும் சேர்த்துப் பிசைவதுதான் முறை. தொட்டுக்கொள்ளும் கறியாகப் பயறை ஓரத்தில் வைத்துக்கொண்டு தின்னும் வெளியூர்க்காரர்களைப் பார்த்தால் பெஞ்சில் இருப்பவர்களே, “மக்ளே, பிசஞ்சு தின்னு” என்று சொல்லிவிடுவார்கள். பழம் பெரும்பாலும் பாளையங்கோட்டன் வாழை. மட்டி வாழைக்குலை தொங்கினால் விடாதீர்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்மூர் மட்டி அளவில் சின்னது, ஒரு குழாய் புட்டுக்கு மூன்று வேண்டும். அந்த வாசனையை வேறு எந்தப் பழமும் தராது.

வாடிக்கைக்காரர்கள் வாய் திறந்து கேட்பதில்லை. பால்வெட்டுகிறவர்கள் உட்கார்ந்தால் ஒரு குழாய், பயறு தூக்கலாக, இரண்டு பப்படம், கட்டன்சாயா (பால் விடாத சாயா) வந்துவிடும். சுமை தூக்குகிறவர்களுக்கு ஒன்றரைக் குழாய். பல் இல்லாத தாத்தாக்களுக்கு அரைக் குழாயை உதிர்த்து, சூடான பாலும் சீனியும் விட்டு டம்ளரில். சுவரோரப் பெஞ்சின் தெற்கு மூலை, பத்திரிகை வாசிக்கிற பெரியவர்களுடையது. அங்கே உட்கார்ந்தால் யாரும் எழுப்ப மாட்டார்கள், ஆனால் பேச்சு நின்றுவிடும். கோட்டயம் சந்தையில் ரப்பர் விலை ஏறியதா இறங்கியதா என்பதில்தான் பேச்சு தொடங்கும். விலை இறங்கிய நாளில் கட்டன்சாயாவோடு நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு. அவர்களுக்குக் கணக்கில் எழுதி வைத்துக்கொண்டு புட்டையும் கொடுக்கிறார்கள்.

குறைகள். ஞாயிறும் விடுமுறை நாளும் திற்பரப்பு அருவிக்குப் போகும் வண்டிகள் வரிசை கட்டும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை போகும் வண்டிகளும் சேரும். அப்போது இவர்களாலும் ஒவ்வொரு குழாயாகக் கொடுக்க முடிவதில்லை. முன்கூட்டி அவித்து அடுக்குகிறார்கள், நீர் கோத்த அடிப்புட்டு உங்களுக்கு வரலாம். “சூடா ஒரு குழாய் போடுங்க அக்கா, காத்திருக்கேன்” என்று சொன்னால் முகம் சுளிக்காமல் செய்து தருவார்கள், கால் மணி நேரம் பிடிக்கும். இருக்கை பன்னிரண்டு பேருக்குத்தான். கைகழுவும் இடம் பின்பக்கம், வழுக்கும். வண்டி நிறுத்த இடமில்லை, ஷீட் கடை வாசலில் நிறுத்தினால் லோடு ஏற்றும்போது திட்டு விழும். ஜிபே இருக்கிறது, மழை பெய்தால் சிக்னல் போய்விடும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். புட்டு, பயறு, ஒரு பப்படம், பழம், சாயா எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 80 ரூபாய்க்குள் முடியும்.

பார்சல் வாங்குவதானால் பயறைப் புட்டின் மேல் ஊற்ற விடாதீர்கள், வீடு சேர்வதற்குள் கூழாகிவிடும். இரண்டையும் தனித்தனியாகக் கட்டச் சொல்லுங்கள். புட்டுப் பொதியைக் காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் கவரில் வைத்து முடிச்சுப் போட்டால் ஆவி உள்ளேயே வியர்த்து நனைக்கும். வாழையிலையும் காகிதமும் போதும். பப்படத்தைப் பொரிக்காமல் வாங்கிக்கொண்டு போய் வீட்டில் பொரியுங்கள்.

நம் மாவட்டத்துக்கு ஆனி ஆடி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. விடியற்காலையில் மழை கொட்டி மரப்பட்டை நனைந்துவிட்டால் பால்வெட்டு இல்லை. வெட்டில்லாத நாளில் மாவும் குறைவாகத்தான் நனைப்பார்கள், எட்டரைக்கே கதவு சாத்தியிருக்கும். தை மாசியில் ரப்பர் இலை உதிர்ந்து வெட்டு நிற்கும் வாரங்களிலும் இதே கதைதான். அந்த நாட்களில் ஏழு மணிக்கே போய்விடுங்கள்.