ஜூனில் இலங்கைக்குப் பேக்கேஜ் வாங்குவோர் முன்பணம் கட்டுமுன் இதைப் படிக்கவும்

தில்லியில் பள்ளிகள் ஜூலை தொடக்கத்தில்தான் மீண்டும் திறக்கின்றன என்பதால், இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு விடுமுறைப் பயணம் என்றால் பெரும்பாலும் மே கடைசி அல்லது ஜூன்தான். சென்ற ஆண்டு ஜூனில் நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் எழுபத்திரண்டு வயதான என் மாமியாரும் இலங்கைக்குப் போய் வந்தோம். அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்த நிறுவனம் எங்களை ஏமாற்றியது. அதே நிறுவனம் அதே நீலத் திமிங்கலப் படத்தைப் போட்டு இந்த ஆண்டு ஜூனுக்கும் ஆள் சேர்க்கும் விளம்பரம், போன வாரம் மயூர் விகாரில் உள்ள எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸப் குழுவுக்கு வந்தது. நுகர்வோர் ஆணையத்தில் எங்கள் புகார் நிலுவையில் இருப்பதால் பெயரை வெளியில் சொல்ல வேண்டாம் என்று வழக்கறிஞர் கூறியிருக்கிறார். அவர்கள் விற்ற முறையை எழுதுவதற்குத் தடை இல்லை. வேறு நிறுவனங்களும் இதே முறையில் விற்பதாகக் கேள்விப்படுவதால் விரிவாகவே எழுதுகிறேன்.

இலங்கை என்று முடிவானதற்குக் காரணமே என் மாமியார்தான். சம்பந்தர் பாடிய திருக்கோணமலைக் கோணேசர் கோயிலை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கரோல் பாக்கில் இருந்த அந்த அலுவலகத்தில் நான் முதலில் கேட்டதும் அதைத்தான். கிழக்குப் பக்கம் மிகத் தூரம், பிள்ளைகளுக்கு அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, இக்கடுவையும் மிரிஸ்ஸவும் நுவரெலியாவும் போனால்தான் கடல், திமிங்கலம், மலை மூன்றும் கிடைக்கும் என்று அங்கிருந்தவர் பேசிப் பேசியே கோயிலைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார். மழை இருக்காதா என்று கேட்டேன். "மான்சூன் ஜூன் கடைசி வாரத்தில்தான் வரும் மேடம், நீங்கள் 10ஆம் தேதி போய் 16ஆம் தேதி திரும்பிவிடுவீர்கள்" என்றார். ஐந்து பேருக்கு மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். அதில் திமிங்கலம் பார்க்கும் படகுக்கு மட்டும் தலைக்கு ஆறாயிரத்து ஐந்நூறு. ஆஃப் சீசன் தள்ளுபடி என்ற சொல்லை அவர் பல முறை சொன்னார். எதற்காக அது ஆஃப் சீசன் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.

அவர் சொன்ன தேதி தில்லிக்கு உரியது. தென்மேற்குப் பருவமழை தில்லிக்கு வந்து சேரும் வழக்கமான நாள் ஜூன் 27. கேரளத்துக்கு அது ஜூன் 1. இலங்கையோ அதற்கும் தெற்கே இருப்பதால் மே மாதப் பிற்பாதியிலேயே அங்கே தொடங்கிவிடுகிறது. அதாவது தில்லியில் நாம் வெயிலில் வாடிக்கொண்டு மழைக்காக ஏங்கும் அந்த நான்கு வாரங்களில்தான் இலங்கையின் தென்மேற்குக் கரை நனைந்துகொண்டிருக்கிறது. நாங்கள் தென்காசிப் பக்கத்தவர்கள். ஜூனில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது திருநெல்வேலியில் வெயில் காயும் என்பது எங்கள் வீட்டில் குழந்தைக்கும் தெரியும். அந்தக் காற்றேதான் இலங்கையிலும் வீசுகிறது என்ற எண்ணம் பணம் கட்டுகிற நேரத்தில் எங்களுக்கு வராமல் போனது.

தமிழ்நாட்டின் பரப்பில் பாதிதான் அந்தத் தீவு. இருந்தும் அதற்கு ஒரே மழைக்காலம் என்று கிடையாது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வரும் காற்று நடுவிலுள்ள மலைநாட்டில் மோதி, கொழும்பு, காலி, மாத்தறைக் கரைகளிலும் மலைகளின் மேற்குச் சரிவிலும் மழையைக் கொட்டுகிறது. மலையைத் தாண்டி இறங்கும்போது அது வறண்ட காற்றாகிவிடுகிறது. மட்டக்களப்புப் பக்கத்தார் அதைக் கச்சான் காற்று என்பார்கள். அந்த மாதங்களில் திருகோணமலை, பாசிக்குடா, அறுகம்குடா ஆகிய கிழக்குக் கரை ஊர்களில் பெரும்பாலும் வெயிலும் அடங்கிய கடலுமாக இருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குக் காற்று வீசும்போது நிலைமை தலைகீழ்: கிழக்கில் மழை, தெற்கிலும் மேற்கிலும் நல்ல பருவம். மேற்குச் சரிவில் சில இடங்களில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. வடமேற்கிலும் தென்கிழக்கிலும் உள்ள வறண்ட பகுதிகளில் 1,000 மில்லிமீட்டர்கூட இல்லை. ஆகவே "இலங்கையில் ஜூனில் வானிலை எப்படி" என்ற கேள்விக்கு ஒரே விடை சொல்கிற எவரையும் நம்ப வேண்டாம். அது பொருளில்லாத கேள்வி.

அந்தத் தென்மேற்குக் கரையில் உள்ள இக்கடுவையில் நாங்கள் இறங்கிய ஓட்டலில் பாதி அறைகளைப் பூட்டி வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். கரையோரச் சாப்பாட்டுக் கடைகள் தார்ப்பாயால் மூடிக் கட்டப்பட்டிருந்தன. கடல் பழுப்பு நிறத்தில் நுரைத்துக்கொண்டு வந்து மணலை அரித்துச் சென்றது. சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். பவளப்பாறை மீன்களைப் பார்க்கலாம் என்று விளம்பரத்தில் படித்திருந்த என் மகன் நீச்சல் கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். மழை இடைவிடாமல் பெய்தது என்று சொல்ல மாட்டேன். நடுநடுவே இரண்டு மணி நேரம் வெயிலும் அடித்தது. ஆனால் வானம் வெளுத்தாலும் அந்தக் காற்று இருக்கும்வரை அந்தக் கடலில் இறங்க முடியாது என்பதைத்தான் நமக்கு யாரும் சொல்வதில்லை.

அதைவிட மோசம் மிரிஸ்ஸ. திமிங்கலப் படகுக்கான வவுச்சரை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனபோது படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. வவுச்சரில் பெயர் இருந்த படகுக்காரரைத் தேடிப் பிடித்தோம். தெற்குக் கரையில் திமிங்கலப் பருவம் நவம்பரில் தொடங்கி ஏப்ரலோடு முடிகிறது, மே முதல் தாங்கள் படகு ஓட்டவில்லை, அந்த மாதங்களில் திமிங்கலம் பார்க்க விரும்புகிறவர்கள் திருகோணமலைக்குத்தான் போவார்கள் என்றார். ஏப்ரலில் எங்கள் முகவர் கேட்டபோதும் இதையே எழுதி அனுப்பியிருப்பதாகத் தன் தொலைபேசியைத் திறந்து அந்தச் செய்தியை எங்களுக்குக் காட்டினார். எங்கள் பெயரில் அவருக்குப் பணம் எதுவும் வரவில்லை. அந்தச் செய்தியைப் படம் எடுத்துக்கொள்ள அவர் அனுமதித்தது எங்களுடைய நல்ல காலம். புகாரில் முதல் ஆவணம் அதுதான்.

எங்கள் கார் ஓட்டுநர் திருகோணமலைத் தமிழர். அன்று மாலை அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இந்த மாசத்தில இஞ்ச ஏன் அக்கா வந்தனீங்கள்? எங்கட பக்கம் கடல் இப்ப குளம் மாதிரிக் கிடக்குது. நிலாவெளியில முழங்கால் தண்ணியில பிள்ளையள் விளையாடுதுகள். அம்மாவும் கோணேசரைப் பாத்திருப்பா." பின் இருக்கையில் இருந்த என் மாமியார் அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. அன்றிரவே முகவரைக் கூப்பிட்டு, மலையை விட்டுவிட்டுக் கிழக்கே மாற்றித் தரும்படி கேட்டேன். நுவரெலியா ஓட்டல் கட்டணம் திரும்பாது, கார் தூரத்துக்குக் கூடுதலாக அறுபதாயிரம் வேண்டும் என்றார். கையிருப்பு அதற்கு இடம் தரவில்லை.

அடுத்த நாள் பயணத்தில் பார்த்ததை நான் மறக்க மாட்டேன். மிரிஸ்ஸவிலிருந்து கிழக்கே சுற்றி வெல்லவாய, எல்ல, வெலிமடை வழியாக நுவரெலியாவுக்குப் போனோம். தேயிலைக்குப் பெயர்பெற்ற ஊவாப் பகுதி அது. இந்தக் காற்றுக் காலத்து வறட்சியில்தான் அந்தத் தேயிலைக்கு மணம் ஏறுகிறது என்று ஓட்டுநர் சொன்னார். வெலிமடையில் வீடுகளின் முன் துணி காய்ந்தது, காய்கறிப் பாத்திகளுக்குக் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து ஏறி ஒரு மணி நேரத்துக்குள் ஹக்கலை வளைவுக்கு வந்தோம். கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் ஓடத் தொடங்கியது. பிறகு இரண்டு நாள் அது நிற்கவே இல்லை. ஹோர்ட்டன் சமவெளியின் உலக முடிவுப் பாறையில் எங்களுக்கு எதிரே வெள்ளைத் திரை போலப் பனிமூட்டம் மட்டுமே இருந்தது. கினிகத்தேனை, கித்துல்கலை வழியாகக் கொழும்புக்கு இறங்கிய சாலை, தீவிலேயே அதிக மழை பெறும் சரிவுகள் ஊடாக வருவது. மண் சரிந்திருந்ததால் நடுவழியில் மூன்று மணி நேரம் நின்றோம். 2017 மே இறுதியில் இரத்தினபுரி, களுத்துறை, மாத்தறை மாவட்டங்களில் வெள்ளமும் மண்சரிவும் இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது இதே பருவத்தில்தான். வயதானவரையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அந்த வளைவில் நின்றபோது பணத்தைப் பற்றிய நினைப்பே எனக்கு இல்லை.

திரும்பி வந்து கேட்டதற்கு, வானிலை யார் கையிலும் இல்லை, வவுச்சரின் அடியில் "கடல் நிலையைப் பொறுத்தது" என்று அச்சிட்டிருக்கிறோம், ரீஃபண்ட் கிடையாது என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஒரு குறிப்பிட்ட நாளில் மழை பெய்ததற்காக நான் யாரிடமும் பணம் கேட்கவில்லை. பருவம் முடிந்துவிட்டது என்று படகுக்காரர் எழுத்தில் தெரிவித்த பிறகும் அந்தப் படகுக்குப் பணம் வாங்கியதையும், நல்ல கடல் எந்தப் பக்கம் என்று தெரிந்திருந்தும் அந்தப் பக்கம் போக விரும்பியவரைத் திருப்பி அனுப்பியதையும்தான் கேட்கிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, நிறுவனம் எங்கிருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தோம். நிறுவனம் அசையாததால் ஆணையத்துக்குப் போனோம்.

இந்த ஆண்டு ஜூனுக்கு ஏற்கெனவே முன்பணம் கட்டியவர்கள் எங்கள் அடுக்ககத்திலேயே இரண்டு குடும்பங்கள் இருக்கிறார்கள். மீதித் தொகையைக் கட்டுவதற்கு முன் மாற்றக் கேட்பது எளிது. விமானம் ஏறிய பின் அது அறுபதாயிரம் ஆகிவிடும். திட்டத்தில் உள்ள ஒவ்வோர் ஊரின் பெயரையும் எழுதி, அந்த ஊரில் அந்த மாதத்தில் கடலில் இறங்க முடியுமா, அந்தப் படகு ஓடுமா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் மின்னஞ்சலிலேயே பெறுங்கள். தொலைபேசியில் சொன்னது எங்களுக்கு எதற்கும் உதவவில்லை. படகுக்காரருக்கும் ஓட்டலுக்கும் நீங்களே நேராக ஒரு செய்தி அனுப்பினால் பெரும்பாலும் அன்றே உண்மை தெரிந்துவிடும். விளம்பரப் படம் எந்த மாதத்தில் எடுத்தது என்றும் கேளுங்கள். ஜூன், ஜூலை என்றால் திருகோணமலை, நிலாவெளி, புறாத்தீவு, பாசிக்குடா. உள்ளே அனுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா. வெயில் கடுமையாக இருக்கும், ஆனால் தில்லி வெயிலுக்குப் பழகியவர்களுக்கு அது பொருட்டில்லை. காலி, மிரிஸ்ஸ, சிவனொளிபாதமலை எல்லாம் டிசம்பர் கடைசி விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம். அப்போது யாராவது நிலாவெளியைத் தள்ளுபடியில் விற்க வந்தால் இதே கேள்விகளைக் கேளுங்கள். அக்டோபர், நவம்பரில் தீவு முழுவதுமே மழை, புயலும் உண்டு என்பதால் தீபாவளி விடுமுறைக்கு நான் யாருக்கும் இலங்கையைச் சொல்வதில்லை.

என் மாமியாருக்கு இந்த ஜூலை முதல் வாரத்தில் கொழும்பு வழியாகத் திருகோணமலைக்கு நாங்களே டிக்கெட் எடுத்திருக்கிறோம். முகவர் யாரும் இல்லை. அந்த ஓட்டுநரே வருகிறார்.