அத்தான் தவறவிட்ட மஸ்கட் விமானம்: டிக்கெட்டை எங்கே வாங்கலாம்?

நெல்லைக்கென்று விமான நிலையம் கிடையாது. சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறவர்கள் முக்கால் மணி நேரத்தில் வாகைக்குளத்திலுள்ள தூத்துக்குடி விமான நிலையத்துக்குப் போய்விடுகிறார்கள். 2025 ஜூலையில் அங்கே புது முனையமும் திறந்தாயிற்று. மற்றபடி வடக்கே மதுரை, மேற்கே திருவனந்தபுரம். இரண்டுமே நமக்குச் சுமார் 150 கிலோமீட்டர். வளைகுடாவுக்குப் போகிற நம் ஆட்களில் பலர் திருவனந்தபுரம் பக்கம்தான் வண்டியைத் திருப்புவார்கள். ஆக, டிக்கெட் விலை மட்டும் பார்த்தால் நமக்குக் கணக்கு முடியாது. கார் வாடகை, வழிச்சாப்பாடு, அர்த்தராத்திரியில் கிளம்பும் அலைச்சல் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

என்னிடம் கேட்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எதுல போட்டா கம்மியா கிடைக்கும்?" மேக்மைட்ரிப், கிளியர்டிரிப், இக்சிகோ மாதிரி இடைத்தரகுத் தளங்களிலா, விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்திலா? விலையை மட்டும் கேட்டால் பதில் சுலபம். பெரும்பாலும் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

போன வருஷம் குடும்பத்தோடு சென்னை போக நான்கு டிக்கெட் பார்த்தேன். ஒரு தளத்தில் முதல் பக்கத்தில் காட்டிய விலை விமான நிறுவனத்தின் விலையைவிட ஆளுக்கு 150 ரூபாய் குறைவு. உள்ளே போகப் போக ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டது. கன்வீனியன்ஸ் ஃபீ ஆளுக்கு ஒன்று. கேட்காமலேயே டிக் அடித்து வைத்திருந்த பயணக் காப்பீடு. அதற்குக் கீழே 'இலவச ரத்து' என்று பெயர் வைத்து ஒரு கட்டணம். பணம் கட்டும் பக்கத்துக்கு வந்தபோது, நேரடியாக வாங்குவதைவிட மொத்தத்தில் ஆயிரத்துச் சொச்சம் கூடியிருந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இப்படிக் கூடைக்குள் நைசாகப் போடுவதையும், விலையைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவதையும் 2023 நவம்பரில் மத்திய அரசு பட்டியலிட்ட 13 ஏமாற்று உத்திகளில் சேர்த்திருக்கிறது. ஆனாலும் அந்த டிக்கை எடுத்துவிடுகிற வேலை நம் தலையில்தான். விமான நிறுவனங்களும் யோக்கியம் இல்லை. அவர்கள் தளத்திலும் கன்வீனியன்ஸ் ஃபீ உண்டு; சீட்டுக்குத் தனிக் காசு, சாப்பாட்டுக்குத் தனிக் காசு என்று அங்கேயும் வழியெல்லாம் கை நீட்டுவார்கள்.

நாள் நல்லபடியாகப் போனால் எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். வித்தியாசம் தெரிவது ஏதாவது கோளாறு வருகிற அன்றைக்கு.

எங்கள் அத்தான் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். லீவு முடிந்து திரும்ப ஒரு இடைத்தரகுத் தளத்தில் டிக்கெட் போட்டார். ஏதோ கூப்பனில் 600 ரூபாய் மிச்சம். திருவனந்தபுரத்தில் காலை 8:40க்கு விமானம். பாளையங்கோட்டையிலிருந்து ராத்திரி இரண்டு மணிக்குக் கார் எடுத்தோம். களியக்காவிளையில் ஒரு டீ குடித்துவிட்டு, விமான நிலைய வாசலில் இறங்கும்போது மணி 5:50. நேரத்தோடு வந்துவிட்டோம் என்று பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனால், கவுன்ட்டரை மூடிவிட்டார்கள். விமான நேரம் 6:15ஆக மாறிப் பத்து நாள் ஆகிறதாம்.

தகவல் ஏன் வரவில்லை? வந்திருக்கிறது, ஆனால் அத்தானுக்கு இல்லை. டிக்கெட் போடும்போது அந்தத் தளம் விமான நிறுவனத்துக்குக் கொடுத்திருந்தது தன்னுடைய மின்னஞ்சலை. செய்தி அங்கே போய்க் கிடந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண் பொறுமையாகத்தான் பேசினார்: "ஏஜென்ட் போட்ட டிக்கெட், மாற்றம் எல்லாம் அவங்கதான் செய்யணும்." தளத்தின் கஸ்டமர் கேரில் முக்கால் மணி நேரம் பாட்டுப் போட்டார்கள். கடைசியில் அன்றைய ராத்திரியை லாட்ஜில் கழித்து, மறுநாளுக்குக் கைக்காசில் புது டிக்கெட் வாங்கித்தான் போனார். உடன்குடிக் கருப்பட்டியும் அல்வாவும் அவரோடு ஒரு நாள் லாட்ஜில் தங்கின. பழைய டிக்கெட்டின் பணம் சேவைக் கட்டணம் கழிந்து வர இரண்டு மாதம் ஆயிற்று.

இதில் கவனிக்க வேண்டிய விதி ஒன்று இருக்கிறது. விமானம் ரத்தானால் பயணிக்கு இழப்பீடு தர வேண்டும் என்று சொல்கிற நம் விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் அதே விதி, பதிவின்போது சரியான தொடர்பு விவரம் கொடுக்காதவருக்கு இழப்பீடு கிடையாது என்றும் சொல்கிறது. ஏஜென்டின் எண்ணைக் கொடுத்துவிட்டு நாம் சட்டம் பேச முடியாது. அதனால் எங்கே டிக்கெட் போட்டாலும், ஆறு எழுத்து பிஎன்ஆரை வைத்து விமான நிறுவனத்தின் தளத்துக்குள் போய், உங்கள் செல்பேசி எண்ணும் மின்னஞ்சலும் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிஷ வேலை.

"ஏஜென்டிடம் போ" என்று கவுன்ட்டரில் சொல்வது வெறும் தட்டிக்கழிப்பு இல்லை. ஏஜென்டுகள் பெரும்பாலும் அமேடியஸ், சேபர் மாதிரியான பொது முன்பதிவு அமைப்புகள் வழியாகத்தான் டிக்கெட் எடுக்கிறார்கள். சேபர் 1960களில் ஒரு அமெரிக்க விமான நிறுவனத்துக்காகப் பிறந்தது. அமேடியஸை 1987இல் நான்கு ஐரோப்பிய விமான நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கின. அந்த வழியில் எடுத்த டிக்கெட்டின் சாவி ஏஜென்டிடம் இருக்கும். பயண நாள் நெருங்கும்வரை தேதி மாற்றம், பெயர்த் திருத்தம், ரத்து எதற்கும் அவர் கைதான் படவேண்டும். நேரடியாக வாங்கினால் சாவி நம் செல்பேசியில்.

பெயர் விஷயத்தில் இது நம் ஊர்க்காரர்களுக்கு ரொம்ப முக்கியம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஒரு கட்டத்தில், நம் பெயர் இன்னொரு கட்டத்தில், இனிஷியல் எங்கேயோ. டிக்கெட்டில் ஒரு எழுத்து மாறிவிடுவது சாதாரணம். விமான நிறுவனத்தின் தளத்தில் நேரடியாகப் பதிவு செய்து, 24 மணி நேரத்துக்குள் சொன்னால், அதே ஆளின் பெயரில் உள்ள எழுத்துப் பிழையைக் காசு வாங்காமல் திருத்தித் தர வேண்டும் என்பது விதி. அந்த 'நேரடியாக' என்ற சொல்லுக்காகவே நான் நூறு இருநூறு கூடக் கொடுப்பேன்.

பணம் திரும்பி வருவதில் சட்டம் நம் பக்கம்தான். தளத்திலோ ஏஜென்டிடமோ வாங்கியிருந்தாலும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கே. ஏஜென்ட் அவர்களுடைய பிரதிநிதி. திரும்பப் பெற முடியாத மலிவு டிக்கெட்டை ரத்து செய்தாலும் வரியும் விமான நிலையக் கட்டணமும் திரும்ப வரவேண்டும். நடைமுறையில்தான் பணம் இரண்டு கை மாறி வருகிறது. கோவிட் காலத்து டிக்கெட்டுகளுக்குப் பணம் தரச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அப்படியும் ஒரு பெரிய தளத்திடம் பாக்கியைக் கொடுக்கச் சொல்லி நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024இல் உத்தரவு போட வேண்டியிருந்தது. மாட்டிக்கொண்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடலாம். தளத்தின் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வழக்கை நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். டெல்லிக்கு அலைய வேண்டாம்.

இடைத்தரகுத் தளங்கள் செய்யும் இன்னொரு வேலையைப் பற்றியும் எச்சரித்துவிடுகிறேன். தூத்துக்குடியிலிருந்து துபாய் என்று போட்டால், ஒரு நிறுவனத்தில் சென்னை வரைக்கும், அங்கிருந்து வேறு நிறுவனத்தில் துபாய்க்குமாக ஒட்டுப்போட்டுக் காட்டும். விலை ஆசையாக இருக்கும். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்பது மூலையில் சின்ன எழுத்தில் கிடக்கும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் கேட்க நாதி இல்லை. சென்னையில் பெட்டியை வாங்கி, மறுபடி வரிசையில் நின்று போடவும் வேண்டும். மாறிப்போகும் பயணம் என்றால் மொத்தமும் ஒரே பிஎன்ஆரில் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். அப்படியே லக்கேஜ் எத்தனை கிலோ என்பதையும் பாருங்கள். மலிவாகத் தெரிகிற கட்டணம் சிலசமயம் கைப்பை மட்டும் கொண்டுபோகிறவருக்கானது.

அப்படியானால் அந்தத் தளங்களே வேண்டாமா? வேண்டும். போக ஒரு நிறுவனம், வர இன்னொரு நிறுவனம் என்று ஒரே பார்வையில் அலச அவைதான் வசதி. குறிப்பிட்ட வங்கிக் கார்டுக்குச் சிலசமயம் நிஜமாகவே ஆயிரம், இரண்டாயிரம் குறையும்; உள்ளூர்ப் பயணம், தேதி மாறாது என்று உறுதி இருந்தால் தாராளமாக எடுக்கலாம். வெறும் ஒப்பீடுதான் வேண்டுமென்றால் கூகுள் ஃபிளைட்ஸ் போதும். அது விலையைக் காட்டிவிட்டு வாங்குமிடத்துக்கு அனுப்பிவிடும்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. மகேந்திரகிரி இஸ்ரோவில் இருக்கும் நண்பர் எல்டிசி என்கிற விடுப்புப் பயணச் சலுகையில் போவதென்றால், அரசு சொன்ன மூன்று முகவர்களில் ஒருவரிடம்தான் எடுக்க வேண்டும். அவர் பார்ப்பது ஐஆர்சிடிசி விமானத் தளத்தை மட்டும்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, இணையத்தில் எழுதுகிறவர்கள் மறந்துவிடுவது. ஜங்ஷனிலும் மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் இருக்கிற டிராவல்ஸ் கடைகள். கணக்குப்படி அவர்களும் இடைத்தரகர்கள்தான். சாவி அவர்களிடமும்தான் இருக்கும். ஆனால் அந்த அண்ணாச்சியின் நம்பர் நம்மிடம் இருக்கிறது, ராத்திரி பதினொன்றுக்கும் எடுப்பார். "தம்பி, ஃபிளைட் டைம் மாத்திட்டான், ரெண்டு மணி நேரம் முன்னாடியே கிளம்புங்க" என்று அவரே கூப்பிட்டுச் சொல்வார். பாதிப் பணத்தை அடுத்த மாதம் வாங்கிக்கொள்வார். அதற்கு ஆளுக்கு முந்நூறு நானூறு வைத்துக்கொண்டால் எனக்குப் புகார் இல்லை. உம்ராவுக்குக் குழுவாகப் போகிறவர்கள், செல்பேசியில் ஓடிபி பார்த்துப் பழக்கமில்லாத பெரியவர்கள் இவர்களுக்கெல்லாம் நான் இந்தக் கடையைத்தான் கைகாட்டுவேன். ரசீதை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அத்தான் இப்போது விலையை மூன்று தளங்களில் பார்க்கிறார். பிறகு விமான நிறுவனத்தின் ஆப்பில் போய்த் தன் மஸ்கட் நம்பரோடு அக்காவின் நம்பரையும் கொடுத்து டிக்கெட் எடுக்கிறார். கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அக்கா ஒருதரம் பிஎன்ஆரைப் போட்டுப் பார்த்த பிறகுதான் கார்க்காரருக்கு நேரம் சொல்கிறார்கள்.