கடலோர வீட்டில் டிம்பிள் பூட்டு: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில், மேற்கு பார்த்த வாசல். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. தலைவாசலில் டிம்பிள் சாவி போடும் மார்டிஸ் பூட்டை (கதவின் விளிம்புக்குள் குடைந்து பதிக்கும் வகை) மாட்டிச் சில வருடங்கள் ஆகின்றன. நல்ல பூட்டுதான், இன்றும் அதே பூட்டுதான் கதவில் இருக்கிறது. ஆனால் கடல் காற்று அதை எங்கே பிடிக்கும் என்பதைப் பிரித்துப் பார்த்தபோதுதான் புரிந்துகொண்டேன். நம் கரையோரத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கு அது உதவும்.

முதலில் பிடித்த விஷயம். சாவிக்குப் பல் கிடையாது. தட்டையான தடித்த பட்டையின் மேல் சின்னச் சின்னக் குழிகள், அவ்வளவுதான். இரண்டு முகத்திலும் ஒரே மாதிரிக் குழிகள் இருப்பதால் எப்படிப் போட்டாலும் நுழையும். மின்சாரம் போன இரவில் இதன் அருமை தெரியும். இப்படி இரு பக்கமும் போடும் குழிச்சாவியை 1934இல் கொண்டுவந்தது சுவிட்சர்லாந்தின் காபா நிறுவனம். 1860களில் லைனஸ் யேல் காப்புரிமை வாங்கிய 'பின்' (pin) பூட்டின், அதாவது ஸ்பிரிங் தள்ளும் சின்ன உலோகக் குச்சிகள் கொண்ட பூட்டின், தத்துவமேதான் இதிலும். பின்கள் சாவியின் விளிம்பில் உட்காராமல் முகத்தில் உட்காருகின்றன, அதுதான் மாற்றம்.

முதல் கச்சான் (தென்மேற்குப் பருவக்காற்று) காலத்தில் ஒரு குறையும் இல்லை. அடுத்த ஆண்டு ஜூனில் மழை பிடித்த பிறகு சாவி முழுதாக உள்ளே போக மறுத்தது. ஆட்டி ஆட்டித்தான் திருப்ப வேண்டியிருந்தது. "மக்களே, கொஞ்சம் தேங்காயெண்ணெ விடு, சரியாவும்" என்றார் அம்மா. நாகர்கோவிலில் சாவிக்காரரிடம் கேட்டேன். "அண்ணே, எண்ணெ மட்டும் விடப்பிடாது. கடப்பொறத்து வீடுன்னா உள்ள மண்ணு இருக்கும். கழற்றிப் பாருங்க" என்றார். கழற்றினேன்.

சாவி நுழையும் பாகமான சிலிண்டரை எடுப்பது எளிது. கதவைத் திறந்து வைத்தால் பக்கவாட்டில் நீளமான ஒரு ஸ்க்ரூ தெரியும். அதைக் கழற்றி, சாவியைப் போட்டுக் கொஞ்சம் திருப்பினால் நடுவில் இருக்கும் நாக்கு உள்ளே மடங்கிச் சிலிண்டர் கையோடு வந்துவிடும். பிரிப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். சாவி திருப்பும் உருளையான பிளக்கை ஒரு சின்ன வளைய கிளிப் பிடித்திருக்கிறது. கிளிப்பை எடுத்து, சாவியால் பிளக்கைச் சற்றே திருப்பி வைத்துக்கொண்டு, அதே விட்டத்தில் ஆசாரி கடைந்து கொடுத்த மரக்குச்சியால் பின்னாலிருந்து தள்ள வேண்டும். பிளக் வெளியே வர வர அதன் இடத்தைக் குச்சி பிடித்துக்கொள்ளும். இல்லையென்றால் ஸ்பிரிங்குகள் பின்களை அறை முழுக்கத் தெறிக்கவிடும். விளிம்பு உயர்ந்த தாம்பாளத்துக்குள் வைத்துச் செய்வது நல்லது.

உள்ளே பார்க்க அழகாக இருந்தது. ஒவ்வொரு துளையிலும் மேலே ஒரு சாவிப் பின், அதன் கீழே ஒரு தள்ளு பின், அதற்கும் கீழே ஸ்பிரிங். குழி ஆழமாக இருந்தால் பின் கூடுதலாக மேலேறும், ஆழம் குறைந்தால் கீழேயே நிற்கும். எல்லா ஜோடிகளின் சந்திப்பும், பிளக்கும் அதைச் சுற்றியுள்ள கூடும் உரசும் கோட்டுக்குச் சரியாக வந்தால்தான் பிளக் சுற்றும். தலைமுடி அளவு மாறினாலும் சுற்றாது. பின்கள் இரண்டு வரிசை. ஒரு வரிசைத் துளைகளுக்கு நேரே அடுத்த வரிசைத் துளை வராதபடி தள்ளித் தள்ளி வைத்திருக்கிறார்கள். அப்படி வைக்காவிட்டால் சுற்றும்போது ஒரு வரிசைப் பின் அடுத்த வரிசைத் துளைக்குள் விழுந்து மாட்டிக்கொள்ளும். தள்ளு பின்களில் சில நடுவில் ஒடுங்கியிருந்தன. கம்பி விட்டு நெம்பினால் அந்த ஒடுக்கம் விளிம்பில் சிக்கிக்கொள்ளும், திறந்துவிட்டது போலத் தோன்றும், ஆனால் திறக்காது. இதை யோசித்தவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

சரி, மண்ணுக்கு வருகிறேன். இந்த வகைச் சிலிண்டரில் ஸ்பிரிங்குகள் இருக்கும் பகுதி சாவித்துளைக்குக் கீழே தொங்குகிறது. சாவித்துளையின் தரையே பின் துளைகள்தான். காற்றில் வரும் எதுவும் நேராக ஸ்பிரிங்குக்குள் இறங்கும், வெளியே விழ வழியில்லை. வெள்ளைத் தாளில் தட்டிப் பார்த்தேன். கறுப்பும் இளஞ்சிவப்புமாக மணல் விழுந்தது. எங்கள் ஊர் மணலைத் தெரிந்தவர்களுக்கு ஆச்சரியம் இருக்காது: கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். மணவாளக்குறிச்சியில் உள்ள அரசின் ஐ.ஆர்.இ.எல். கனிம மணல் ஆலையில் பிரித்தெடுப்பதும் இவற்றைத்தான். கார்னெட் உப்புத்தாள் செய்யப் பயன்படும் பொருள், பித்தளையை விட மிகக் கடினமானது. பின் துளைகளின் வாயில் மெல்லிய கீறல்கள் இருந்ததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். கதவு மாட்டியவர் பூசிவிட்டுப் போன கிரீஸ் அந்த மணலைப் பிடித்து வைத்துச் சேறாக்கியிருந்தது. தேங்காயெண்ணெயும் அதையேதான் செய்திருக்கும்.

உப்பும் தன் வேலையைக் காட்டியிருந்தது. பித்தளைப் பின்களில் லேசான பச்சைப் படிவு, துடைத்தால் போய்விட்டது. இரண்டு ஸ்பிரிங் மட்டும் துருவேறித் தளர்ந்திருந்தன. முகப்பில் சாவித்துளையை ஒட்டிப் பழுப்பாக ஒரு வடிசல் நெடுநாளாக இருந்தது. துளைப்பானைத் தடுக்கப் பதித்த எஃகுக் குச்சியின் துரு அது என்று இப்போது தெரிந்தது. பாதுகாப்புக்கு வைத்த எஃகுதான் கடலோரத்தில் முதலில் நோகிறது.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, வரிசை மாறாமல் திரும்பக் கோத்தேன். ஸ்பிரிங்குக்குச் சாவிக்காரர் பழைய சிலிண்டர் ஒன்றிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதன் பிறகு ஈரம் பிடிக்காத டெஃப்லான் ஸ்பிரே மட்டும்தான், அதுவும் மழைக்கு முன் ஒரு தடவை. கிராஃபைட் பொடியைப் பலர் சொல்வார்கள். உப்பு ஈரம் உள்ள இடத்தில் அது பித்தளையின் அரிப்பைக் கூட்டும் என்பதால் நான் தொடுவதில்லை. சாவி இப்போது புதிதில் போன மாதிரியே போகிறது.

நம் திண்டுக்கல் பூட்டு, 2019இல் புவிசார் குறியீடு பெற்றது, இந்த மணலைக் கண்டுகொள்ளவே செய்யாது. நெம்புகோல் தகடுகளுக்கு இடையே அதற்கு இடைவெளி உண்டு. என் வீட்டுக் கேட்டில் அதுதான் தொங்குகிறது, தலைவாசலுக்கு டிம்பிள். இரண்டுக்கும் அவரவர் இடம் உண்டு.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: முழுப் பித்தளையா, துத்தநாகக் கலவைக்கு முலாம் பூசியதா? எடையிலேயே பாதி தெரியும். ஸ்பிரிங் ஸ்டெயின்லெஸா என்று கேளுங்கள். சாவித்துளைக்குத் தள்ளித் திறக்கும் மூடி இருந்தால் கூடுதல் பணம் கொடுத்தாவது வாங்குங்கள், கடலோரத்தில் அதற்கு மேல் ஒரு பாதுகாப்பு இல்லை. டிம்பிள் சாவி என்பதாலேயே ஹை செக்யூரிட்டி ஆகிவிடாது. பின்கள் துளைகளுக்குள் தொளதொளவென்று இருந்தால் குழி எத்தனை இருந்தும் பயனில்லை. சிலிண்டரின் நீளத்தை நடு ஸ்க்ரூத் துளையிலிருந்து இரு பக்கமும் தனித்தனியாக அளந்து வாங்குங்கள். அந்தத் துளை இருக்கும் இடத்தில்தான் சிலிண்டர் மெலிந்திருக்கிறது. முகப்புத் தகட்டுக்கு வெளியே இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் இடுக்கியால் பிடித்து அங்கேயே முறித்துவிட முடியும். என் பூட்டு தகட்டோடு சமமாக இருக்கிறது. அளந்து வாங்கிய ஆசாரிக்கு அதற்காக இன்றும் நன்றி சொல்கிறேன்.