கூடையை மாற்றினார்கள், குழியை விட்டுவிட்டார்கள்

போன மாதம் எங்கள் பூங்காவில் டிஸ்க் கோல்ஃப் (தட்டை எறிந்து சங்கிலிக் கூடையில் விழவைக்கிற ஆட்டம்) கூடைகள் ஒன்பதையும் கழற்றிவிட்டுப் புதிதாக நட்டிருக்கிறார்கள். மேலே மஞ்சள் பட்டை பளபளக்கிறது, சங்கிலியெல்லாம் புத்தம் புதுசு. அதைப் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர், "நீங்கதான் மூணு வருஷமா ஆடுறீங்களே, நானும் ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டார். "தாராளமா" என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். முடியவில்லை. அரை மணி நேரம் நான்காவது குழியைப் பற்றியே பேசியிருக்கிறேன். மனிதர் மிரண்டுபோனார்.

குழி என்பது பேருக்குத்தான். கோல்ஃபிலிருந்து வந்த பழக்கத்தில் அப்படிச் சொல்கிறோம். டிஸ்க் விழுவது கூடையில். ஆனால் நான்காவதில் நிஜமாகவே ஒரு குழி இருக்கிறது. கூடைப் பக்கம் இல்லை, நாம் எறிகிற பக்கம். டீ பேட் என்று சொல்கிற, நின்று எறியும் கான்கிரீட் தளத்தின் முன்விளிம்பை ஒட்டி, நான்கு விரற்கடை ஆழத்துக்கு.

நான்கு விரற்கடைக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று தோன்றும். ஓடிவந்து எறிந்து பார்த்தால் தெரியும். வலது கையை உடம்புக்குக் குறுக்கே இழுத்து வீசுகிற பேக்ஹேண்டில் எறியும்போது உடம்பின் முழு எடையும் வலது குதிகாலில் சுழலும். டிஸ்க் கையை விட்ட பிறகு இடது கால் தானாக வீசிக்கொண்டு முன்னால் வந்து ஊன்றும். விதியிலும் தடை இல்லை: எறிகிற கணத்தில் கால் டீ பேடுக்குள் இருந்தால் போதும், பிறகு தாண்டலாம். அப்படித் தாண்டுகிற கால் தரை இருக்கிறது என்று நம்பி இறங்குகிறது. தரை இல்லை. இருட்டில் மாடிப்படியின் கடைசிப் படியைத் தவறவிட்டால் முதுகெலும்பு வரைக்கும் ஒரு 'டொக்' ஏறுமே, அதேதான். முழங்கால் எனக்கு இரண்டுதான் இருக்கிறது.

வலியைவிட மோசம், உடம்பு அதை ஞாபகம் வைத்துக்கொள்வது. ஏழெட்டு முறை அடிபட்டதும் கால் தயங்க ஆரம்பித்துவிடும். தயங்கினால் தோள் பின்னால் சாயும், டிஸ்க்கின் மூக்கு, அதாவது முன்விளிம்பு, மேலே தூக்கும். மூக்கு தூக்கிய டிஸ்க் ஏறி, வேகம் செத்து, இடது பக்கமாகக் கவிழ்ந்து நேரே புதருக்குள் போகும். இரண்டு டிரைவர்களை (தூரம் போகிற டிஸ்க்குகள்) அந்தப் புதருக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பள்ளம் எப்படி வந்தது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. எல்லோருடைய காலும் அதே இடத்தில்தான் இறங்குகிறது. புல் செத்து மண் வெறுமையாகிறது. மழை பெய்தால் கான்கிரீட்டில் விழுகிற தண்ணீர் முன்விளிம்பில் வழிந்து அந்த மண்ணையும் அரித்துக்கொண்டு போகிறது. ஒருமுறை நானே ஒரு மூட்டை ஜல்லியைச் சுமந்துபோய்க் கொட்டி மிதித்துவிட்டு வந்தேன். அடுத்த வாரமே புல் வெட்டுகிறவர்கள் அள்ளிப் போட்டுவிட்டார்கள். கோபம் வந்தது. ஆனால் இயந்திரத்தின் பிளேடில் ஜல்லி பட்டால் தோட்டா மாதிரி பறக்கும். அவர்கள் செய்தது சரிதான்.

நியாயமாகப் பேசினால் இந்த மைதானத்தில் வேறு குறையே கிடையாது. மூன்றாவதில் நடைபாதை குறுக்கே போகிறது, யாராவது வந்தால் நிற்க வேண்டும். பூங்கா அவர்களுக்கும் சொந்தம், நிற்கலாம். ஆறாவது, மரங்களுக்கு நடுவே வளைந்து போகிற அழகு. தப்பான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தால் தப்பான மரத்தில்தான் அடிக்கும், அதுவும் நம் குற்றமே. (புதிதாக வருகிறவர்கள் வேகம் 12 என்று எழுதிய டிரைவரைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். அந்த வேகத்துக்குக் கை வீசாவிட்டால் அது இடது பக்கம் பொத்தென்று விழும். கூடைக்குப் பக்கத்திலிருந்து போட ஒரு புட்டர், நடுத்தூரத்துக்கு ஒரு மிட்ரேஞ்ச் போதும்.) புதுக் கூடைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எட்டு மீட்டரிலிருந்து விட்ட புட்டர் சங்கிலியில் மோதி 'சலங்' என்று அடங்கும்போது, அன்றைய அலுவலகம் மொத்தமும் மறந்துபோகிறது.

அந்தச் சங்கிலிக்கும் ஒரு கதை உண்டு. கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் 1975-இல் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தவர் எட் ஹெட்ரிக். அங்கே முதலில் வெறும் கம்பங்கள்தான். பட்டதா படவில்லையா என்று சண்டை வராமலிருக்குமா? சங்கிலிக் கூடை வந்து சண்டையை முடித்தது. 1977-இல் காப்புரிமையும் கிடைத்தது. 2002-இல் அவர் இறந்தபின் அஸ்தியைக்கூட டிஸ்க்குகளில் கலந்து வார்த்தார்கள். கூடைக்கு இவ்வளவு யோசித்த ஆட்டத்தில், கால் வைக்கிற இடத்துக்கு மட்டும் ஆள் இல்லை! ஒன்பது கூடைக்குச் செலவு செய்தவர்களுக்கு ஒரு வண்டி மண்ணும் ஒரு ரப்பர் விரிப்புமா கிடைக்கவில்லை?

எனவே நண்பருக்கு என் தீர்ப்பு: வராதீர்கள். வந்தே தீருவேன் என்றால் ஐந்தாவதிலிருந்து ஆரம்பித்து மூன்றாவதில் முடித்துக்கொள்ளுங்கள்.

நானா? நான்காவதில் இப்போதெல்லாம் ஓடுவதில்லை. டீ பேடின் நடுவிலேயே நின்று, மிட்ரேஞ்சை எடுத்து, நின்ற நிலையில் எறிகிறேன். இருபது மீட்டர் குறைவாகத்தான் போகிறது, ஆனால் நேராகப் போகிறது. போன ஐந்து முறையில் நான்கு தடவை மூன்றே எறியில் கூடை. இது பள்ளத்தின் புண்ணியம் என்று மட்டும் யாராவது சொன்னீர்களோ, நடப்பதே வேறு.