ஸ்டோரி ஆஃப் சீசன்ஸ் இனி எந்த வாய்க்காலில் போக வேண்டும்?

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். 2022-ல் மே 24-லேயே திறந்துவிட்டார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். நாங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கம், கடைமடை, அதாவது வாய்க்காலின் கடைசி முனை. அணை திறந்த பிறகும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர நாள் பிடிக்கும். குறுவை போடுவதா, அதை விட்டுவிட்டு நேரே சம்பாவுக்குப் போவதா என்பதெல்லாம் அந்த ஒரு தேதியைப் பொறுத்தது.

அதே வீட்டில் உட்கார்ந்துதான் பள்ளிக்கூட நாளிலிருந்து ஸ்டோரி ஆஃப் சீசன்ஸ் என்ற விவசாய வீடியோ கேம் வரிசையை ஆடி வருகிறேன். அதில் வருடம் தொடங்கும் வசந்தம் முதல் தேதி ஒரு வருடமும் தள்ளிப்போனதில்லை. இந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்தது. அது இனி எந்தப் பக்கம் போகும் என்று யோசிக்கும்போதெல்லாம் அந்த முதல் தேதியில்தான் வந்து நிற்கிறேன்.

ஜப்பானில் இதன் பெயர் போகுஜோ மோனோகதாரி, அதாவது பண்ணைக் கதை. 1996-ல் நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் கருவிக்கு வந்தது. உருவாக்கிய யசுஹிரோ வாடா மியாசாகியில் வளர்ந்தவர். டோக்கியோவுக்கு வேலைக்குப் போன பிறகு விட்டு வந்த ஊரை நினைத்துச் செய்த கேம் இது. மற்ற நாடுகளில் ஹார்வெஸ்ட் மூன் என்று பழகிவிட்டோம். 2014-ல் பெயர் பிரிந்தது. ஹார்வெஸ்ட் மூன் என்ற பெயர் அதுவரை அமெரிக்காவில் வெளியிட்டுவந்த நட்சுமே நிறுவனத்திடம் தங்கியது, ஜப்பானின் மார்வெலஸ் நிறுவனம் தயாரிக்கும் மூல வரிசை ஸ்டோரி ஆஃப் சீசன்ஸ் ஆனது. பெயரைப் பார்த்து வாங்குபவர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. நான் இங்கே பேசுவது மார்வெலஸின் வரிசையை.

முப்பது வருடத்தை நெருங்கும் வரிசைக்கு இன்று மூன்று வழிகள் தெரிகின்றன. பழையதைப் புதுப்பிப்பது ஒன்று. பண்ணையைப் பெரிதாக்கி மெஷின்களால் நிரப்புவது இன்னொன்று. மூன்றாவது, ஒரே பயிரில் ஆழமாக இறங்குவது. வாளெடுத்துச் சண்டை போடும் ரூன் ஃபேக்டரியும் 2006-லிருந்து இதன் கிளைதான். ஆனால் அதற்குத் தனி ரசிகர்கள் இருக்கிறார்கள், அது தன் பாட்டுக்கு நன்றாகவே போகிறது. டோரேமானோடு சேர்ந்து 2019-ல் வந்ததைப் பிள்ளைகளோடு ஆடலாம். வரிசையின் திசையை அது மாற்றப் போவதில்லை.

புதுப்பிப்பு வழி

ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மினரல் டவுன் 2019-ல் புதுக்கோலத்தில் வந்தது. எ வொண்டர்ஃபுல் லைஃப் 2023-ல் வந்தது. 2008-ல் டிஎஸ் கருவிக்கு வந்த கிராண்ட் பஜார் 2025 ஆகஸ்டில் திரும்பி வந்தது. இவற்றில் மினரல் டவுன், 1999-ல் பிளேஸ்டேஷனில் வந்த பேக் டு நேச்சரைத் தழுவி 2003-ல் செய்யப்பட்டது. ஆக, 2019-ல் நாம் வாங்கியது தழுவலின் புதுப்பிப்பு. ஊர், ஆட்கள், திருவிழாக்கள் எல்லாம் முன்பே தெரியும். அந்தப் பழக்கத்தில் ஒரு நிம்மதி இருக்கிறது, மறுக்கவில்லை.

இந்த வழியில் எனக்குப் பிடித்தது கிராண்ட் பஜார்தான், அதுவும் ஒரே ஒரு காரணத்துக்காக. வரிசையின் பெரும்பாலான கேம்களில் விளைந்ததைப் பெட்டியில் போட்டால் ஆள் வந்து எடுத்துப் போவார், சொன்ன விலை வந்துவிடும். கிராண்ட் பஜாரில் வாரச் சந்தையில் கடை போட்டு, மணியடித்துக் கூப்பிட்டு நீங்களே விற்க வேண்டும். எதை முன்னால் அடுக்குவது, எதை அடுத்த வாரத்துக்கு வைப்பது என்று முடிவெடுக்க வேண்டும். கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டி, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வர வேண்டுமே என்று மேகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், விளைவிப்பது பாதி வேலைதான். மீதிப் பாதியையும் விவசாயக் கதைக்குள் கொண்டுவரலாம் என்று இந்தக் கேம் 2008-லேயே காட்டியது.

ஆனால் அந்த யோசனையும் 2008-ஐச் சேர்ந்தது. புதுப்பிப்பு வழி எவ்வளவு அழகாக இருந்தாலும் பத்தாயத்தில் இருக்கும் நெல்லை எடுத்துச் சாப்பிடுவதுதான். விதைநெல்லை யாராவது எடுத்து வைத்தாக வேண்டும்.

மெஷின் வழி

2016-ல் ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேம் வந்தது. எரிக் பரோன் தனியாளாக, ஹார்வெஸ்ட் மூன் மேல் இருந்த பற்றினால் செய்தது. மூல வரிசையின் ரசிகர்களில் பலர் அங்கே போய்விட்டார்கள் என்று சொன்னால் அதிகமில்லை. அதற்கு மார்வெலஸ் சொன்ன பதிலாகத்தான் 2021-ல் வந்த பயனியர்ஸ் ஆஃப் ஆலிவ் டவுனைப் பார்க்கிறேன். காடு மண்டிய பெரிய நிலம், வெட்ட வெட்ட வளரும் மரம். கட்டையைப் பலகையாக்க ஒரு மெஷின், கனிமத்தைக் கட்டியாக்க ஒரு மெஷின், நூலுக்கு ஒன்று, மயோனைசுக்கு ஒன்று. கொஞ்ச நாளில் வயலைவிட மெஷின்கள் அதிக இடத்தை அடைத்துக்கொண்டன. வெளியான நாட்களிலேயே குறைகள் குவிந்து, தயாரிப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டுத் திருத்தங்கள் வெளியிட வேண்டியிருந்தது. திருத்தங்களுக்குப் பிறகு கேம் தேறியது. திசை தேறவில்லை. பெரிய நிலம், நிறைய பொருள், தானாக ஓடும் வேலை என்று போனால் ஸ்டார்டியூவோடு அதன் திடலிலேயே மோத வேண்டும். அங்கே வெல்வது கடினம், வென்றாலும் கிடைப்பது இன்னொரு ஸ்டார்டியூதான்.

இதில் ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஆலிவ் டவுனில் மழை பெய்தால் நிலத்தில் தண்ணீர் தேங்கும், வாளியால் இறைத்து வெளியேற்ற வேண்டும். வெளியூர் ஆட்கள் பலருக்கும் அது எரிச்சலாக இருந்தது. ஐப்பசி கார்த்திகையில் வடிகால் அடைத்து, நட்ட பயிர் மூழ்கிக் கிடப்பதைப் பார்த்த எனக்கு, தண்ணீர் தருவது மட்டுமல்ல வடிப்பதும் விவசாயம் என்று ஒரு கேம் ஒத்துக்கொண்டதே சந்தோஷமாக இருந்தது. ஆனால் அதை வெறும் வேலையாக வைத்துவிட்டார்கள். தேங்கிய தண்ணீரால் பயிருக்கு எதுவும் ஆவதில்லை.

ஒரே பயிர்

2020 நவம்பரில் வந்த சகுனா: ஆஃப் ரைஸ் அண்ட் ரூயின் ஸ்டோரி ஆஃப் சீசன்ஸ் வரிசையைச் சேர்ந்தது இல்லை. எடெல்வைஸ் என்ற இரண்டு பேர் குழு செய்தது. ஆனால் வெளியிட்டது அதே மார்வெலஸ். அதனால்தான் இதையும் இந்தக் குடும்பத்து வழியாக எண்ணுகிறேன்.

பாதி நேரம் அசுரர்களோடு சண்டை, மீதி நேரம் ஒரே ஒரு வயல், ஒரே பயிர், நெல். விதையைக் கரைசலில் போட்டுப் பதர் நீக்குவதில் தொடங்குகிறது. நம் ஊரில் முட்டை மிதக்கும் அளவுக்கு உப்புக் கரைத்து விதைநெல்லைக் கொட்டுவோமே, அதே வேலை. பிறகு நாற்றங்கால். நடவு பின்பக்கமாக நடந்துகொண்டே, இடைவெளி பார்த்து நட வேண்டும். நடவுப் பாட்டும் உண்டு. களை, எரு, அறுப்பு, காயவைத்தல், அடித்தல், உமி நீக்குதல் என்று எதையும் ஒரு பொத்தானில் முடித்துவிடவில்லை. ஜப்பானில் இதை ஆடியவர்கள் குறிப்புக்காக வேளாண் அமைச்சகத்தின் இணையதளத்தையே தேடிப் போனார்கள். அது உதவவும் செய்தது.

எங்கள் வீட்டில் நான் ஆடும் கேம்களை அப்பா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். சகுனா ஆடிய ஒரு மாலை, காப்பி டம்ளரோடு பின்னால் வந்து நின்றவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இவ்வளவு தண்ணிய கட்டி வச்சா தூரு எங்கேருந்துப்பா வெடிக்கும்? வடிய வுடு.” அடியிலிருந்து பக்கத் தண்டு வெடிப்பதைத்தான் தூர் என்கிறார். வடியவிட்டேன். அந்தப் போகம் விளைச்சல் கூடியது. வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், காய்ச்சலும் பாய்ச்சலுமாக இருக்க வேண்டும் என்று எத்தனையோ முறை காதில் விழுந்த பேச்சு எனக்குக் கைக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். ஸ்டோரி ஆஃப் சீசன்ஸில் பூவாளியால் தினம் நனைத்தால் போதும். மழை பெய்தால் அன்றைக்கு விடுமுறை. இதே வரிசையின் ட்ரயோ ஆஃப் டவுன்ஸில் நெல் வயல் உண்டு, ஆனால் அங்கும் நெல் பத்தோடு பதினொன்று.

சகுனாவிடம் ஒரு குறை. அந்த வயல் தனி மேட்டில் இருக்கிறது. பக்கத்து வயல் கிடையாது. தண்ணீர் முழுக்க உங்களுடையது.

கண்ணெதிரே இருக்கும் நான்காவது

இந்த மூன்றில் எது என்று கேட்டால் மூன்றாவதன் பக்கம்தான் சாய்வேன். ஆனால் அதற்கு முன் எ வொண்டர்ஃபுல் லைஃபை இன்னொரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும், புதுப்பிக்கப்பட்ட பொருளாக அல்ல, வழிகாட்டியாக. 2003-ல் வந்த மூலத்தில் கதை ஆறு அத்தியாயம், ஏறக்குறைய முப்பது வருடம். கல்யாணமாகிறது, பிள்ளை பிறக்கிறது, அது வளர்ந்து தன் விருப்பத்துக்கு ஒரு தொழிலைப் பார்க்கிறது. நீங்கள் காட்டிய வழி அதில் பாதிதான். ஊர்க்காரர்களுக்கு நரை விழுகிறது. மாடு எந்நேரமும் கறப்பதில்லை, வற்றும், மறுபடி கன்று போட வேண்டும். கடைசியில் விவசாயி இறந்துபோகிறார்.

இந்த வரிசையில் காலத்துக்கு எடை இருந்த இடம் அதுதான். மினரல் டவுனிலும் புயல் உண்டு. முந்தின நாளே டிவியில் சொல்லிவிடுவார்கள், மறுநாள் வெளியே போக முடியாது, பயிர் சில அழியும். கஜா புயல் அடித்த 2018 நவம்பர் 16-க்குப் பிறகு எங்கள் பகுதியில் வெகுநாள் கரன்ட் இல்லை. வந்த பிறகு கேமைப் போட்டேன், அதில் கோடைப் புயல். அழிந்த செடியைப் பிடுங்கிவிட்டு அன்றைக்கே வேறு விதை போட்டேன், மூன்று நாளில் முளை. தோப்பில் விழுந்து கிடந்த தென்னைகளை இன்னும் வெட்டி முடிக்கவில்லை அப்போது. புயலைக் காட்டியதற்காக அந்தக் கேமை நான் குறை சொல்லவில்லை. அந்தப் புயல் ஒரு வாரத்துக்கு மேல் யார் வாழ்க்கையிலும் மிஞ்சவில்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது. வொண்டர்ஃபுல் லைஃபின் காலக்கணக்கில் அதே புயல் அடித்திருந்தால் அடுத்த அத்தியாயத்திலும் அதன் தடம் இருந்திருக்கும்.

“அண்ணே, வயல்ல பட்டது போதாதா, கேம்லயும் அதையே இழுத்துக்கணுமா?” என்று தங்கை கேட்கிறாள். நியாயமான கேள்வி. பாதிப் பேர் ஓய்வுக்காகத்தான் இதைத் தொடுகிறார்கள், அவர்களுக்கு எளிய முறை ஒன்று இருக்கட்டும். ஆனால் அவளே சகுனாவில் நெல் பால் பிடிக்கும் நேரம் கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். கெட்டுப்போக வாய்ப்பிருப்பதால்தான் நல்லபடியாக வருவதைப் பார்க்க மனசு தவிக்கிறது.

2023-ல் மார்வெலஸ் புதிய ஸ்டோரி ஆஃப் சீசன்ஸோடு பலர் சேர்ந்து ஆடும் ஒன்றும் தயாராவதாக அறிவித்தது. அந்தச் செய்தியைப் படித்ததும் எனக்குத் தோன்றியது முறைப்பாசனம், ஒரே வாய்க்காலின் தண்ணீரை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வது. நாலு பேர் சேர்ந்து ஆடும்போது ஒருவர் வீட்டை ஒருவர் அலங்கரித்துப் பார்ப்பதோடு நிற்க வேண்டுமா? ஒரே வாய்க்காலில் நாலு பேருக்கும் வயல் கொடுங்கள். ஒருவர் வாய்க்கால் தொடங்கும் தலைமடை, ஒருவர் கடைமடை. வசந்தம் முதல் தேதிக்குப் பதில் தண்ணீர் வரும் தேதி வருடா வருடம் மாறட்டும். சீக்கிரம் வந்தால் 110 நாளில் அறுக்கும் ஏடிடி 36 நெல் ரகத்தைப் போட்டு ஒரு போகம் எடுத்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். தாமதமானால் சி.ஆர். 1009 போல நீண்ட நாள் ரகத்தை ஒரு போகமாக வைத்துக்கொள்ளலாம். வெள்ளம் தங்கும் பள்ளக்காலில் காட்டுயானம் என்ற பாரம்பரிய நெல். எங்கள் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அறுபது காய்கறியை அடுக்குவதைவிட ஒரு நெல்லில் இத்தனை முடிவுகளை வைக்கலாம். மேல்மடைக்காரர் இரவில் மடையை அடைத்தால் கீழ்மடைக்காரர் என்ன செய்வார் என்பதற்கு யாரும் வசனம் எழுத வேண்டாம், ஆடுபவர்களே பேசிக்கொள்வார்கள். ஸ்டார்டியூவை நானும் நிறைய ஆடியிருக்கிறேன், நாலு பேர் சேர்ந்தும் ஆடியிருக்கிறேன். அங்கே எங்களுக்குள் பிரிக்க வேண்டியிருந்தது வேலையும் பணமும்தான், தண்ணீர் இல்லை.

இப்போதைக்கு வாங்க நினைப்பவருக்கு: முதல் முறை ஆடுபவர் கிராண்ட் பஜாரில் தொடங்கலாம், கையாள எளிது, சந்தை நாள் அலுக்காது. ஒரே ஒன்றுதான் வாங்க முடியும், கொஞ்சம் மனசை அசைக்க வேண்டும் என்றால் எ வொண்டர்ஃபுல் லைஃப். வீட்டில் வயல் பார்க்கும் பெரியவர் இருந்தால் சகுனாவை வாங்கி, நடவு முடிந்த பிறகு அவர் கண்ணில் படும் இடத்தில் உட்கார்ந்து ஆடுங்கள். ஆலிவ் டவுனைத் தள்ளுபடியில் கிடைத்தால் பார்க்கலாம்.