செகண்ட் லைஃபா, விஆர்சாட்டா: புதுசா போறவைக்கு எது லேசு?

ரெண்டுமே இணையத்துல ஒரு உருவம் எடுத்து உலாவி, மற்ற ஆக்களோட கதைக்கிற கற்பனை உலகங்கள். உப்புவெளியில மச்சான்ட லேப்டாப்புல ரெண்டையும் ஓட்டிப் பாத்தனான். செகண்ட் லைஃப் 2003ல வந்தது, டைப் பண்ணியே கதைக்கலாம், அதால இங்கிலீஷ் பேசக் கூச்சப்படுற என்னைப் போல ஆக்களுக்கு யோசிச்சு பதில் போட நேரம் கிடைக்குது, ஆனா அந்த மெனுவைப் பாத்தா தலை சுத்தும், நடக்கப் பழகவே ஒரு பின்னேரம் போச்சு. விஆர்சாட் ஸ்டீம் எண்ட இணைய கேம் கடைக்கு 2017ல வந்தது, கண்ணுல மாட்டுற விஆர் ஹெட்செட் இல்லாமலும் போகலாம். ஆனா அங்க கூடுதலா குரல்தான், மைக் இல்லாட்டி கோணேசர் கோயில் திருவிழாவுல தொலைஞ்ச பிள்ளை மாதிரி நிக்கோணும், புது ஆளுக்கு 'விசிட்டர்' எண்டு பட்டம் வேற, கொஞ்ச நாள் சுத்தினாத்தான் சொந்த அவதார், அதாவது நாமளே கொண்டு வாற உருவம், ஏத்த விடுவாங்க (குழப்படிக்காரரைத் தடுக்கத்தானே, சரி). எனக்கெண்டா செகண்ட் லைஃப்தான், மச்சான் மட்டும் விஆர்சாட்டை விடமாட்டானாம்.